சனியின் ஏ வளையத்தில் தெரியும் கருங்கோடு: என்க்கே இடைவெளியா, கூர்மையாக்கத்தின் விளைவா?

சனிப்பித்தன்:
2017 ஜூன் மாதம் சனி சூரியனுக்கு நேர் எதிரே வந்த வாரத்தில், 150 மி.மீ. விட்டமுள்ள என் தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பழைய பிலிப்ஸ் டூயூகேம் வெப்கேமராவைப் பொருத்தி எடுத்த காணொளி ஒன்றை அண்மையில் மீண்டும் திறந்தேன். குவிய நீளத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ வில்லையுடன் குவிய நீளம் 3000 மி.மீ. இருந்தது. விநாடிக்கு 10 பிரேம் வீதம் மூன்று நிமிடம் ஓடிய அந்தப் பதிவின் 1800 பிரேம்களில், காற்று அடங்கியிருந்த கணங்களில் பதிவான 300 பிரேம்களை மட்டும் ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருள் கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நுண்விவரங்களை எடுப்பாக்கும் வேவ்லெட் முறையில் கூர்மையாக்கினேன். உள்ளிருக்கும் பி வளையத்தையும் வெளியே உள்ள ஏ வளையத்தையும் பிரிக்கும் அகன்ற காசினி இடைவெளி வளையம் முழுவதும் அறுபடாமல் தெரிந்தது. அதற்கு வெளியே, ஏ வளையத்தின் இரு முனைகளிலும், தலைமுடி போல இன்னொரு கருங்கோடும் தெரிந்தது. அது ஏ வளையத்துக்குள்ளேயே உள்ள மெல்லிய பிளவான என்க்கே இடைவெளிதான் என்று கருதுகிறேன். படத்தின் கீழும் அவ்வாறே குறித்திருக்கிறேன்.

அளவுகோல்:
படம் அழகாக இருக்கிறது, குறிப்புத்தான் தவறு. என்க்கே இடைவெளியின் அகலம் ஏறத்தாழ 325 கி.மீ. அந்த மாதம் சனி நம்மிடமிருந்து சுமார் 135 கோடி கி.மீ. தொலைவில் இருந்தது. அவ்வளவு தொலைவில் 325 கி.மீ. என்பது வானில் 0.05 விகலை, அதாவது ஒரு பாகையை 3600 கூறாக்கி அதில் ஒரு கூற்றை மறுபடியும் இருபதாகப் பிரித்தால் கிடைக்கும் அளவு. உங்கள் தொலைநோக்கி நெருங்கி நிற்கும் இரு விண்மீன்களைப் பிரித்துக் காட்டக்கூடிய எல்லையோ 0.77 விகலை. பதினைந்து மடங்கு வேறுபாட்டை எந்த மென்பொருளாலும் தாண்ட முடியாது. 1888-ல் ஜேம்ஸ் கீலர் இந்த இடைவெளியைத் தெளிவாகக் கண்டபோது அவரிடம் இருந்தது லிக் வானாய்வகத்தின் 91 செ.மீ. தொலைநோக்கி என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

சனிப்பித்தன்:
நீங்கள் சொல்லும் எல்லை சம ஒளியுள்ள இரண்டு விண்மீன்களுக்கு வகுக்கப்பட்டது. பிரகாசமான பரப்பின் நடுவே ஓடும் கருங்கோட்டுக்கு அது பொருந்தாது. காசினி இடைவெளி வளையத்தின் முனைகளில்கூட 0.7 விகலைதான் இருக்கும். 60 மி.மீ. தொலைநோக்கியின் எல்லை 1.9 விகலை என்றாலும், நல்ல இரவில் அந்தச் சிறிய கருவியிலேயே காசினி இடைவெளியைப் பார்த்தவர்கள் ஏராளம். தூரத்து மின்கம்பி, அதன் தடிமன் நம் கண்ணின் பிரிதிறனுக்கு எட்டாததாக இருந்தும், வெளுத்த வானத்தில் தெரியத்தானே செய்கிறது?

தவிர, இது ஒற்றைப் பிரேமும் அல்ல. 300 பிரேம்களை அடுக்கும்போது இரைச்சல் ஏறத்தாழ 17-ல் ஒரு பங்காகக் குறைகிறது. மிகக் குறுகிய நேரப் பதிவுகளில் சில, தற்செயலாகக் காற்றின் கொந்தளிப்புக்குத் தப்பிவிடும் என்பதற்கான நிகழ்தகவை ஒளியியல் அறிஞர் டேவிட் ஃபிரைட் 1978-லேயே கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். கண்ணால் பார்ப்பவருக்குக் கிடைக்காத வாய்ப்பு வெப்கேமராவுக்குக் கிடைக்கிறது என்பதுதான் என் வாதத்தின் அடிப்படை.

அளவுகோல்:
மின்கம்பி உவமையை ஏற்கிறேன். ஆனால் அது உங்களுக்கு எதிராகவே பேசுகிறது. பிரிதிறனுக்கு எட்டாத கம்பி கருப்பாகத் தெரியாது; வெளிறித்தான் தெரியும். 0.05 விகலை இருட்டு 0.77 விகலை அகலத்துக்குப் பரவினால், அந்த இடத்தில் வெளிச்சம் ஆறேழு விழுக்காடு குறையும், அவ்வளவே. உங்கள் படத்திலோ அந்தக் கோடு காசினி இடைவெளியின் கருமையில் பாதியை எட்டுகிறது.

இடமும் ஒத்துவரவில்லை. டூயூகேமின் பிக்சல் 5.6 மைக்ரான் என்பதால், உங்கள் குவிய நீளத்துக்கு ஒரு பிக்சல் 0.385 விகலையைக் குறிக்கிறது. உண்மையான இடைவெளி ஏ வளையத்தின் வெளிவிளிம்பிலிருந்து சுமார் 3,200 கி.மீ. உள்ளே, அதாவது ஒன்றேகால் பிக்சல் உள்ளே இருக்க வேண்டும். உங்கள் படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். இரண்டு முனைகளிலும் கோடு மூன்றாவது பிக்சலில் இருக்கிறது. அது ஏ வளையத்தின் நடுப்பகுதி.

அடுக்குதல் பற்றி ஒன்று: பிரேமுக்குப் பிரேம் மாறும் இரைச்சலைத்தான் அது குறைக்கும். எல்லாப் பிரேம்களிலும் ஒரே மாதிரி அமர்ந்திருக்கும் பிழையை அது இன்னும் உறுதியாக்கி உங்கள் கையில் கொடுத்துவிடும்.

இரவுவிழிப்பு:
இருவருக்கும் இடையே ஒரு சிறு குறிப்பு. வானியலாளர் என்க்கே 1837-ல் கண்டது இந்த இடைவெளியையே அல்ல. ஏ வளையத்தின் நடுவே பரவலாகத் தெரியும் ஒரு மங்கலைத்தான். இடைவெளிக்கு அவர் பெயர் பின்னாளில் வந்தது. ஆகவே மூன்றாவது பிக்சலில் எதுவுமே இருக்க முடியாது என்று அளவுகோல் முடிவுகட்டிவிட வேண்டாம்.

ஆனாலும் சனிப்பித்தன் அவர்களே, பிரகாசமான விளிம்பும் இருண்ட வானமும் சந்திக்கும் இடத்தில் வேவ்லெட் என்ன செய்யும் என்று செவ்வாய்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தட்டின் பிரகாசமான ஓரத்துக்குச் சற்று உள்ளே, ஓரத்தின் வளைவையே பின்பற்றி, ஆரஞ்சுத் தோல் உரிந்தாற்போல ஒரு கருவளையம் வரும். செவ்வாயில் அப்படி எதுவும் இல்லை. செவ்வாயின் கால்வாய்களும் இந்த வகையறாதான்: 1877-க்குப் பிறகு பலர் கண்ட அந்த நேர்க்கோடுகள், 1909-ல் மியூடன் வானாய்வகத்தின் 83 செ.மீ. தொலைநோக்கி வழியே வானியலாளர் அந்தோனியாடி பார்த்தபோது ஒழுங்கற்ற திட்டுகளாகச் சிதறிப்போயின. கண்ணும் தன்பங்குக்குக் கூர்மையாக்கம் செய்யும்.

அளவுகோல்:
அப்படியானால் ஒரு சோதனை சொல்கிறேன். ஒளியின் விளிம்பு விளைவால், அதாவது தொலைநோக்கிக்குள் நுழையும் ஒளி வளைந்து பரவுவதால், தோன்றும் கோடு அலைநீளத்தைப் பொறுத்து நகரும். சிவப்பில் விளிம்பிலிருந்து தள்ளியும் நீலத்தில் நெருங்கியும் இருக்கும். மெய்யான இடைவெளி எந்த நிறத்திலும் நகராது. உங்கள் பதிவைச் சிவப்பு, நீலம் என இரண்டாகப் பிரித்து அளந்துவிடுங்கள்.

சனிப்பித்தன்:
இந்தச் சோதனை வெப்கேமராவை அறியாதவர் சொல்வதுபோல் இருக்கிறது. டூயூகேமின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிற வடிகட்டிதான் உண்டு. நான்கு பிக்சல் கொண்ட சதுரத்தில் சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. போதாதற்கு, யுஎஸ்பி வழியே அனுப்பும்போது நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஒளிச்செறிவை மட்டுமே முழு அளவில் அனுப்புகிறது. ஒரு பிக்சலுக்கும் குறைவான நகர்வை இதில் தேடுவது வீண். சுருக்கத்தின் தொல்லை கூடாது என்பதற்காகத்தான் வேகத்தை 10 பிரேமுக்கு மேல் ஏற்றாமலும் வைத்திருந்தேன்.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்தேன். சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காசினி இடைவெளி மட்டும் உள்ள, வேறு எந்தக் கோடும் இல்லாத சனியை அதே அளவில் கணினியில் வரைந்தேன். அடுக்கி முடித்த, இன்னும் கூர்மையாக்காத என் படத்தில் காசினி இடைவெளி எவ்வளவு மங்கியிருக்கிறதோ, அந்த அளவுக்கு வரைபடத்தையும் மங்கலாக்கினேன். பிறகு ரெஜிஸ்டாக்ஸில் சேமித்து வைத்திருந்த அதே வேவ்லெட் அமைப்பை, ஒரு நகர்த்தியைக்கூடத் தொடாமல், அதன்மீது செலுத்தினேன். நான் வரையாத கோடு வந்தது. அதே மூன்றாவது பிக்சலில், இரண்டு முனைகளிலும்.

அளவுகோல்:
பிறகென்ன? குறிப்பை நீக்கிவிடலாம்.

சனிப்பித்தன்:
என்க்கே இடைவெளி என்ற குறிப்பை நீக்கிவிட்டேன். ஆனால் முழுவதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வரைபடத்தில் வந்த கோட்டின் கருமை, படத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதிதான். மீதிப் பாதி எங்கிருந்து வந்தது? கூர்மையாக்காத படத்தில் முனையின் குறுக்கே ஒளிச்செறிவை வரைந்து பார்த்தபோது, ஏ வளையத்தின் நடுவில் ஒரு மெல்லிய தாழ்வு தெரிகிறது. இரவுவிழிப்பு சொன்ன அந்த 1837 மங்கலாக அது ஏன் இருக்கக் கூடாது?

அளவுகோல்:
இருக்கலாம், ஆனால் மங்கலாக்கிய அளவைச் சற்றே மாற்றினாலும் அந்தப் பாதி முக்காலாகிவிடும். காசினி இடைவெளி ஒன்றை மட்டும் வைத்து மங்கலை அளந்திருக்கிறீர்கள். பதிவு முடிந்த கையோடு ஒரு விண்மீனையும் படம்பிடித்திருந்தால், அன்றைய காற்றும் உங்கள் கண்ணாடியும் ஒரு புள்ளியை எவ்வளவு பரப்பின என்பது நேரடியாகத் தெரிந்திருக்கும்.

சனிப்பித்தன்:
விண்மீனை எடுக்கவில்லை. மூன்று நிமிடப் பதிவு முடிந்ததும் தொலைநோக்கியின் கண்ணாடியில் பனி படிந்துவிட்டது.

இரவுவிழிப்பு:
1800-ல் 300-க்குப் பதிலாக 100 பிரேம்களை மட்டும் அடுக்கிப் பாருங்கள். காற்றால் வந்த மங்கல் குறையும்போது அந்தத் தாழ்வு இன்னும் ஆழமாகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சண்டையைத் தொடரலாம்.