வீட்டுக்கும் கராஜுக்கும் ஒரே பேட்டரி டிரில் போதுமா? எதை வாங்கலாம்?

கோவை_கராஜ்

கீழ்த்தளச் சுவர் செங்கல், மேல்தளம் ஏ.ஏ.சி பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கல்). கர்ட்டன் கம்பி, ஷெல்ஃப், டிவி மாட்டுவது, கப்போர்டு கீல் மாற்றுவது, பைக் வேலை, அவ்வப்போது கார் சக்கரம் கழற்றி மாட்டுவது. இவ்வளவுதான் தேவை, தினசரி உபயோகம் கிடையாது. பட்ஜெட் 12,000 ரூபாய், கொஞ்சம் தாண்டினால் பரவாயில்லை.

கடையில் 12 வோல்ட் போதும் என்கிறார்கள். அடுத்த கடையில் 18 வோல்ட் இம்பாக்ட் இல்லாமல் வாங்காதீர்கள் என்கிறார்கள். ஆன்லைனில் பார்த்தால் 48 வோல்ட், 88 வோல்ட் என்று போட்டு விலை பாதிதான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மரத்தூள்

வோல்ட்டுக்கு முன்னால் எந்த இடத்தில் ஓட்டை போடப் போகிறீர்கள் என்று பாருங்கள். கர்ட்டன் கம்பி என்று முதலில் எழுதியிருக்கிறீர்கள். பேட்டரி டிரில் வாங்கியவர்கள் முதலில் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது செங்கல் இல்லை, லிண்டல். பெரும்பாலான வீடுகளில் 6 அங்குல உயரக் கான்கிரீட், உள்ளே கம்பி, 20 மி.மீ. கருங்கல் ஜல்லி. பூச்சு 12 மி.மீ. வெண்ணெயாக இறங்கும், அதற்குப் பிறகு பிட் (துளையிடும் கம்பி) நின்ற இடத்திலேயே சுற்றும். மிஷினைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அந்த வேலைக்கானதே இல்லை.

காரணம் இதுதான். இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் தாவுகின்றன. நிமிடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் அடி, ஆனால் ஒவ்வொரு அடியும் சின்னது. நீங்கள் கையால் தள்ளும் பலம்தான் அடியாக மாறுகிறது. செங்கல் இதற்கே உடைந்து வழிவிடும், ஜல்லி விடாது. ரோட்டரி ஹேமர் வேறு ரகம். உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி பிட்டின் வாலில் அடிக்கும். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் 2 ஜூல் அளவுக்கு இருக்கும். லிண்டலில் 6 மி.மீ. ஓட்டை அரை நிமிடத்தில் முடியும், தள்ளவும் வேண்டாம். பிட்டின் வால் எஸ்.டி.எஸ் பிளஸ் என்ற காடி வெட்டிய வகையாக இருக்க வேண்டும். சாதாரண உருண்டை வால் பிட் அதில் நிற்காது.

என் யோசனை: ஸ்க்ரூவுக்கும் மரத்துக்கும் செங்கலுக்கும் நல்லதாக ஒரு பேட்டரி டிரில். கான்கிரீட்டுக்கு வயர் போட்ட 2 கிலோ ரக ரோட்டரி ஹேமர். பட்ஜெட் இடிக்கும் என்றால் ஹேமரை மட்டும் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, வீட்டில் உள்ள லிண்டல், பீம், சீலிங் ஓட்டைகளை மார்க் பண்ணி வைத்து ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள். பேட்டரியிலேயே ஹேமர் வாங்கலாம்தான், ஆனால் வருடத்தில் இருபது ஓட்டைக்கு அந்தக் காசு வேஸ்ட்.

கான்கிரீட்டில் போகும்போது பிட் திடீரென்று இறங்காமல் நின்று, தூளில் பளபளவென்று இரும்புச் சீவல் தெரிந்தால் உள்ளே கம்பி. வம்பு பண்ணாமல் 30 மி.மீ. தள்ளிப் போடுங்கள். லிண்டல் கம்பியை அறுத்துக்கொண்டு போகக் கூடாது.

கடையில் பெயரிலும் கவனம். இம்பாக்ட் டிரில் என்பது சுவர் அடிக்கும் டிரில். இம்பாக்ட் டிரைவர் ஸ்க்ரூ இறக்க மட்டும், கால் அங்குல அறுகோண வாய், இறுக்கம் போதுமானதும் தானே விட்டுவிடும் கிளட்ச் கிடையாது. இம்பாக்ட் ரெஞ்ச் நட்டுக்கு, அரை அங்குலச் சதுர முனை. மூன்றையும் ஒரே மூச்சில் "இம்பாக்ட் மிஷின்" என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள்.

செங்கலில், ஸ்க்ரூ பிடிக்கச் சுவருக்குள் இறக்கும் 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. கார்பைடு முனை பிட். பிளக் நீளத்தைவிட 10 மி.மீ. ஆழம் அதிகம் வையுங்கள், பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றினால் அளவு தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று தடவை வெளியே இழுத்துத் தூளைத் தள்ள வேண்டும். தூள் அடியில் தங்கினால் பிளக் முழுசாக இறங்காது, சுத்தியலால் தட்டும்போது தலை நசுங்கும், பிறகு ஸ்க்ரூ லொட லொட. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் கை வைக்காதீர்கள், சுவருக்குள் மறைந்த வயர் பைப் அங்கேதான் செங்குத்தாகப் போகும்.

செல்_பேலன்ஸ்

மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. நான் பேட்டரி பற்றி மட்டும்.

12 வோல்ட் என்று விற்பது 3 செல், உண்மையான நாமினல் 10.8. 18 வோல்ட் என்பது 5 செல். அதே 5 செல் முழுச் சார்ஜில் 4.2 வீதம் 21 வோல்ட் காட்டும். ஆகவே 18, "20 மேக்ஸ்", 21 மூன்றும் ஒரே பேட்டரிதான். 48, 88 என்று போட்டு வருவதைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அதே 5 செல்தான் இருக்கும். அது ஸ்டிக்கரில் மட்டும் உள்ள வோல்ட்.

ஏ.எச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) விஷயத்திலும் ஏமாற்று உண்டு. தராசில் வைத்தால் தெரிந்துவிடும். வழக்கமான 18650 என்ற அளவுச் செல் ஒன்று சுமார் 45 கிராம். 18 வோல்ட் 2 ஏ.எச் பேக்கில் 5 செல், கூடு சேர்த்து 350 முதல் 400 கிராம். 4 ஏ.எச் என்றால் இரண்டு வரிசையாக 10 செல், செல் மட்டுமே 450 கிராம், மொத்தம் 600க்கு மேல் வர வேண்டும். பெரிய கூட்டில் "4 ஏ.எச்" என்று அச்சடித்து 380 கிராம் நிறுத்தால் உள்ளே பாதி காற்று. (21700 என்ற சற்றுப் பெரிய செல் போட்ட 5 செல் 4 ஏ.எச் பேக்கும் உண்டு, அது கொஞ்சம் எடை குறையும். ஆனால் 400க்குக் கீழே போகாது.)

வாங்கும்போது டிரில்லைப் பார்க்காதீர்கள், அந்த பேட்டரியில் வேறு என்னென்ன ஓடும் என்று பாருங்கள். ஒரே கம்பெனி என்பதால் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். போஷ்சில் நீல நிற 18 வோல்ட் பேட்டரி பச்சை நிற மிஷினில் ஏறாது. மகிட்டாவில் ஜி-சீரிஸ் 18 வோல்ட்டும் எல்.எக்ஸ்.டி 18 வோல்ட்டும் வேறு வேறு. முதல் தடவை 2 பேட்டரி, சார்ஜரோடு செட்டாக எடுத்துக்கொண்டு, அடுத்ததை வெறும் மிஷினாக வாங்கினால்தான் காசு மிச்சம்.

12 வோல்ட்டை அலட்சியமாகச் சொல்ல மாட்டேன். கப்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு கையால் கீல் போட அதைப் போல வசதி வேறில்லை. ஆனால் உங்களுக்குச் சக்கரமும் கணக்கில் இருக்கிறது, அதற்கு 18தான். பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்) கிடைத்தால் நல்லது, ஒரே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும், கார்பன் பிரஷ் மாற்றும் வேலையில்லை. பட்ஜெட் இடித்தால் பிரஷ் மோட்டாரும் வீட்டுக்குத் தாராளம், இரண்டாவது பேட்டரியை விட்டுவிட்டு பிரஷ்லெஸ் எடுக்க வேண்டாம்.

பேட்டரியைக் கொல்வது நம் ஊர் வெயில். மே மாதம் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். தொடர்ந்து வேலை செய்து பேக் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது சார்ஜரில் சொருகக் கூடாது, 20 நிமிடம் ஃபேன் காற்றில் வையுங்கள். செல் 45 டிகிரிக்கு மேல் இருக்கையில் சார்ஜ் ஏறினால் ஆயுசு குறையும். நல்ல சார்ஜர் தானே மறுத்து லைட்டைச் சிமிட்டும், மட்டமானது கேட்காமல் ஏற்றும். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், மிஷினிலிருந்து கழற்றி வையுங்கள்.

பழைய_ஸ்பானர்

சக்கரத்துக்கு டிரில்லையோ இம்பாக்ட் டிரைவரையோ நம்ப வேண்டாம். சின்ன கார்களின் சக்கர நட் இறுக்கம் 85 முதல் 130 நியூட்டன் மீட்டர், உங்கள் கார் புத்தகத்தில் சரியான எண் இருக்கும். ஆனால் துருப்பிடித்து, பஞ்சர் கடையில் நியூமேட்டிக் கன்னால் அடித்து விட்ட நட் கழல அதைப் போல இரண்டு மடங்கு கேட்கும். டிரைவர் பெட்டியில் 160, 180 என்று எழுதியிருந்தாலும் கால் அங்குல அறுகோணத்தில் அடாப்டர் மாட்டினால் அந்த அடி பாதி அடாப்டரின் முறுக்கத்திலேயே போய்விடும், கடைசியில் அடாப்டரும் உடையும். அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்ச், சுமார் 300 நியூட்டன் மீட்டருக்கு, அதே 18 வோல்ட் பேட்டரியில் வெறும் மிஷினாகப் பிறகு வாங்குங்கள். 4 ஏ.எச் பேட்டரி போட்டால்தான் முழு அடி வரும்.

சாக்கெட் கறுப்பு நிற இம்பாக்ட் வகை. பளபளக்கும் குரோம் சாக்கெட் கைக்கு மட்டும், மிஷினில் போட்டால் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து.

கழற்றத்தான் மிஷின். மாட்டும்போது நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்). 50, 100 கி.மீ. ஓடியபின் மறுபடி பார்க்கவும்.

பைக்கில் எஞ்சின் சைடு கவரின் எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். அங்கே எந்த மிஷினையும் கொண்டு போகாதீர்கள். அலுமினியத்தில் மரை போனால் ஹெலிகாயில் (புது மரையாகச் செருகும் கம்பிச் சுருள்) போட வேண்டிவரும்.

கோவை_கராஜ்

மிக்க நன்றி. 18 வோல்ட் டிரில் 2 பேட்டரியோடு, ஹேமர் வாடகைக்கு என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். பிளைவுட்டில் கீல் போடும்போது ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிப்பதில்லை. மேல்தள ஏ.ஏ.சி சுவரில் டிவி மாட்டலாமா?

மரத்தூள்

கீலுக்கு 3.5 x 16 ஸ்க்ரூ. 2.5 மி.மீ. பிட்டில் 12 மி.மீ. ஆழத்துக்குப் பைலட் ஓட்டை (ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் சின்னத் துளை). கியர் 1, கிளட்ச் வளையம் 4 அல்லது 5. டக் டக் என்று விட்டால் நிறுத்தி, ஸ்க்ரூ தலை தகட்டோடு சமமாக உட்கார்ந்ததா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒரு எண் கூட்டுங்கள். டிரில் படம் போட்ட இடத்தில் வளையத்தை வைத்தால் கிளட்ச் பூட்டிக்கொள்ளும், அங்கே வைத்து ஸ்க்ரூ ஏற்றினால் பிளையின் நாரை அரைத்து எடுத்துவிடும். உங்களுக்கு நடப்பது அதுவாகத்தான் இருக்கும். பழைய ஓட்டை ஏற்கெனவே அரைந்திருந்தால் ஃபெவிகாலில் தோய்த்த மூங்கில் குச்சியை அடித்து, மறுநாள் சமமாக வெட்டிவிட்டுப் புதிதாகப் பைலட் போடுங்கள். ஸ்க்ரூ பிட் பி.எச் 2 என்ற பிளஸ் வகை, முனை மழுங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள், இருபது ரூபாய்ப் பொருள்.

ஏ.ஏ.சியில் டிரில்லின் ஹேமர் அடியை ஆஃப் பண்ணிவிடுங்கள். அடித்தால் ஓட்டை வாய் அகன்று உதிரும். சாதாரண செங்கல் பிளக் அதில் நிற்காது, இரும்புக் கடையில் ஏ.ஏ.சி பிளாக்குக்கான நைலான் ஆங்கர் என்று கேளுங்கள், ஓட்டை அளவு அதன் உறையில் போட்டிருக்கும். படம், சின்ன ஷெல்ஃப், கர்ட்டன் வரை கவலையில்லை.

டிவி மாட்டுவது பிராக்கெட்டைப் பொறுத்தது. சுவரோடு ஒட்டி நிற்கும் தட்டை பிராக்கெட் என்றால், 18 மி.மீ. பிளைவுட் பலகையை எட்டுப் பத்து ஆங்கரில் சுவரில் பதித்து அதன்மேல் பிராக்கெட். வெளியே இழுத்துத் திருப்பும் கை உள்ள பிராக்கெட் வேண்டாம், டிவி எடை கையின் நீளத்தோடு பெருகி மேல் ஆங்கரைப் பிடுங்கும். அதுதான் வேண்டும் என்றால் 100 மி.மீ. தடுப்புச் சுவரில் நேர்மறுபக்கம் வரை துளைத்து, பின்னால் பெரிய வாஷர் கொடுத்து 8 மி.மீ. போல்ட். அல்லது அந்தச் சுவரில் கான்கிரீட் தூண் எங்கே வருகிறது என்று பிளானில் பார்த்து அங்கே மாட்டுங்கள், ஹேமர் வாடகைக்கு வரும் நாளிலேயே அந்த ஓட்டையையும் போட்டுவிடலாம்.

செல்_பேலன்ஸ்

ஹேமரோடு முகமூடியும் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். சீலிங்குக்கு மட்டுமாவது அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை ஓட்டை போட்டு பிட்டில் சொருகிவிட்டால் தூள் முகத்தில் கொட்டாது.