கவுண்டிக்குள் வந்துபோகும் சரக்கைக் கணக்கெடுப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கவுண்டிக்குள் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, மாநிலத்தின் ஒரு பிரிவு) என்ன சரக்கு வருகிறது, என்ன வெளியே போகிறது என்று பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் லாரிகளை எண்ணினால் போதுமா?

பதில் 1: போதாதுங்க. பல லாரிகள் நிற்காமலே கடந்து போய்விடும், அதைப் பிரிக்காவிட்டால் மொத்தக் கணக்கும் தப்பு. கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ‘ஃபிரைட் அனாலிசிஸ் ஃபிரேம்வொர்க்’ தரவு (எங்கிருந்து எங்கே என்ன சரக்கு போகிறது என்ற நாடு தழுவிய மதிப்பீடு) இலவசம்தான், ஆனால் அது நாட்டை 132 மண்டலங்களாகப் பிரிப்பதால், எந்தத் தொழிலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை வைத்துக் கவுண்டிக்குப் பங்கு போட வேண்டியிருக்கும்.

பதில் 2: ரயிலையும் ஆற்றையும் விட்டுவிடாதீர்கள். தானிய வேகன் ஒன்று சுமார் 100 டன், அதாவது மூன்று நான்கு லாரி. ஆற்றில் சரக்கு ஏற்றிப்போகும் தட்டைப் படகான பார்ஜ் ஒன்றில் 1,500 டன் ஏறும். லாரிக்கோ இன்டர்ஸ்டேட் எனும் மாநிலங்களை இணைக்கும் பெருநெடுஞ்சாலையில் வண்டியோடு சேர்த்து 80,000 பவுண்டுதான் வரம்பு.

கேள்வி கேட்டவர்: அப்போ காலியாகத் திரும்பும் லாரி?

பதில் 2: அதையும் எண்ணுங்கள், முக்கியமானது அதுதான். அறுவடை நேரத்தில் தானியக் கிடங்கு எடைமேடையில் நின்று பாருங்கள், சோளத்தோடு ஏறிய வண்டி பத்து நிமிடத்தில் வெறும் வண்டியாக இறங்கும். சரக்கு ஒருவழி, சாலைத் தேய்மானமும் டீசலும் இருவழி.