வேலைத்தளத்தில் புதியவர்களைப் பழக்குவது எப்படி?

கேள்வி: வெள்ளவத்தைவாசி

வெள்ளவத்தையில் எழுந்துவரும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் வேலைத்தளப் பொறுப்பு என்னிடம் உள்ளது. இரண்டு புதிய பட்டதாரிப் பொறியியலாளர்களும் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரும் என்கீழ் பணியாற்றுகிறார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அனுபவசாலிகள் பலர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றுவிட்டதால், முன்பு மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொண்ட பொறுப்பு இப்போது என் ஒருவன்மேல் விழுந்திருக்கிறது.

கடந்த மாதம் இரண்டாம் மாடி ஸ்லப்புக்கான (கொங்கிரீட் தளத்துக்கான) கியூப்களின், அதாவது வலிமையைச் சோதிக்க அதே கொங்கிரீட்டில் வார்த்த கனசதுரக் கட்டிகளின், 7ஆம் நாள் வலிமை மிகக் குறைவாக வந்தது. ஸ்லப்பைத் துளைத்துக் கோர் (சோதனைக்கான உருளைத் துண்டு) எடுக்க நேருமோ என்று இரண்டு நாள் கலங்கிய பின்னரே, அச்சிலிருந்து கழற்றிய கியூப்கள் நீர்த்தொட்டியில் இடப்படாமல் வெயிலில் கிடந்தன என்பது தெரியவந்தது. 28ஆம் நாள் வலிமை என்றால் என்னவென்று, கியூப்களுக்குப் பொறுப்பாயிருந்த தம்பி பிழையின்றி எழுதிக்காட்டுவார். அவரை ஒரு நாளாவது தொட்டியருகே அழைத்துச் செல்லாதது என் குறை.

"பழக்கி என்ன பயன், வெளிநாட்டுக்குத்தானே போவார்கள்" என்கிறது நிர்வாகம். வேலை அட்டவணையைக் குலைக்காமல் இவர்களைப் பழக்க என்ன வழி?

பதில் 1: ஓய்வுபெற்ற பொறியியலாளர்

தம்பி, வகுப்பு நடத்த நேரம் தேட வேண்டாம். கொங்கிரீட் இடுவதற்கு முன்னர் எப்படியும் நீங்கள் கம்பியையும் ஷட்டரிங்கையும் (கொங்கிரீட்டுக்கான அச்சுப் பலகைகளையும்) பார்வையிடத்தான் போகிறீர்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அந்தப் பிள்ளையை வரைபடத்துடன் தனியே அனுப்புங்கள். கவர் கட்டைகள் (கம்பி பலகையில் படாமல் தாங்கும் சிறு கட்டைகள்), கம்பிகளின் இடைவெளி, மேலடுக்குக் கம்பியைத் தாங்கும் நாற்காலிகள், நீர்க்குழாய்களுக்கான துளைகள் எல்லாவற்றையும் அவரே பார்த்து, கண்ட பிழைகளைத் தம் கையால் எழுதி வரட்டும். பின்னர் நீங்கள் சென்று உங்கள் தாளை எழுதுங்கள். இரண்டு தாள்களையும் அருகருகே வைக்கும்போது, உங்கள் தாளில் இருந்து அவருடையதில் இல்லாதவையே அன்றைய பாடம். கொங்கிரீட் இறங்குவதற்கு முன்னர் விட்ட பிழையைக் கம்பிக் குறட்டினால் திருத்தலாம், இறங்கிய பின்னரோ உடைப்பதற்குப் பிரேக்கர் இயந்திரம்தான் தேவைப்படும். ஆகவே அவர் பிழைவிட்டுக் கற்பதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை.

கொங்கிரீட்டின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் சோதனையையும் அவரே செய்யட்டும். 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்கொன்றுக்கு 25 முறை கம்பியால் குத்துவதை ஒரே காலையில் கற்றுவிடலாம். ஆனால் சாரதியும் பம்ப் இயக்குபவரும் "கொஞ்சம் தண்ணீர் விட்டால் நன்றாக ஓடும்" என்று நெருக்கும்போது, 24 வயதுப் பிள்ளை மறுத்து நிற்பதற்குப் பல மாதங்கள் ஆகும். தண்ணீர் கூடினால் வலிமை குறையும் என்பது அவருக்குத் தெரியும். மறுத்தால் நீங்கள் பின்னால் நிற்பீர்கள் என்பதுதான் தெரியாது. முதல் லொறியை அவர் திருப்பி அனுப்பும் நாளில், அவர் எடுத்த முடிவு சரியானதாயின், எல்லோர் முன்னிலையிலும் அதை ஆதரியுங்கள்.

இன்னொன்று, மேசன் பாஸிடம் கேட்டுக் கற்பது பட்டத்துக்கு இழுக்கல்ல என்பதை நீங்களே கேட்டுக் காட்டுங்கள்.

பதில் 2: கொலன்னாவைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்

அண்ணா, நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். பயிற்சிக் காலத்தில் தேசிய பயிலுநர் பயிற்சிக்கான நாட்குறிப்பை நாள் தவறாமல் எழுதினேன். அது எங்கள் வேலைத்தளத்தில் ஆறு மாதங்களாக எவராலும் வாசிக்கப்படாமல் கிடந்து, கடைசி நாளில் ஒரே இருப்பில் கையொப்பம் பெற்றது. வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் அதை வாசித்து ஒரு கேள்வி கேட்டிருந்தாலே நான் வேறு விதமாக வேலை கற்றிருப்பேன். அந்த இடத்தைவிட்டு நான் விலகியதற்குச் சம்பளம் மாத்திரம் காரணமல்ல.

காலைப் பாதுகாப்புக் கூட்டத்தையும் எங்களிடம் விடுங்கள். எங்கள் வேலைத்தளத்தில் அது சிங்களத்தில் மட்டும் நடந்தது. மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தலையாட்டிவிட்டுச் சாரத்தில் ஏறினார்கள். இரண்டு மொழியிலும் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்த பின்னர்தான், எதைச் சொல்கிறேன் என்பதை நானே சரியாக விளங்கிக்கொண்டேன்.

பதில் 3: திட்ட முகாமையாளர், கொழும்பு 7

முதல் பதிலுடன் பெரிதும் உடன்படுகிறேன், ஓர் எல்லையுடன். பிழைவிட்டுக் கற்பது கம்பிப் பரிசோதனைக்குப் பொருந்தும். ஆழமான அகழ்வுக்கும் கிரேன் தூக்குதலுக்கும் பொருந்தாது. கொழும்பின் தாழ்நிலங்களில் பீட் மண் (மட்கிய தாவரங்களாலான மென்மண்) உள்ள இடத்தில் அகழ்வின் பக்கச்சுவர் சரிந்தால் திருத்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. அங்கே புதியவர் உங்கள் அருகில் நின்று பார்க்க வேண்டும், முடிவு உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

நிர்வாகத்திடம் "பயிற்சி" என்று சென்றால் செலவாகவே பார்ப்பார்கள். கியூப் விடயத்தில் இழந்த இரண்டு நாட்களின் செலவைக் கணக்கிட்டு, அந்தத் தாளுடன் செல்லுங்கள். விஜேராம மாவத்தையில் உள்ள நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் பயிற்சிநெறிகளையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு உதவக்கூடும்.

வெள்ளவத்தைவாசி

மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை இரவு நான்காம் மாடிக்குக் கொங்கிரீட் இடுகிறோம். கியூப்களை வெயிலில் வைத்த அந்தத் தம்பியையே பிற்பகல் 3 மணிக்குத் தாளுடன் தனியே மேலே அனுப்பப்போகிறேன். நான் 5 மணிக்குச் செல்வேன். ஞாயிறன்று கியூப்களை அச்சிலிருந்து கழற்றித் தொட்டியில் இடும்போது நானும் அவருடன் இருப்பேன். இரண்டு தாள்களிலும் இருந்ததைத் திங்களன்று இங்கே எழுதுகிறேன்.