கேம்பஸில் காசு கட்டி சார்ஜ் போட்ட வண்டிக்கு அபராதச் சீட்டு, என்ன செய்வது?

புதுமாணவன்:
எல்லோருக்கும் வணக்கம். மாஸ்டர்ஸ் படிக்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. படிப்பு முடித்துக் கிளம்பிய ஒரு சீனியரிடம் பழைய எலக்ட்ரிக் கார் வாங்கினேன். இன்று காலை கேம்பஸ் பார்க்கிங்கில் சார்ஜரை மாட்டி, ஆப்பில் காசும் கட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் கண்ணாடியில் அபராதச் சீட்டு. காசு கட்டித்தானே நிறுத்தினேன்? இது விசா வரைக்கும் போகுமா? வீட்டில் சார்ஜர் கிடையாது, நாளைக்கும் வகுப்பு இருக்கிறது. கை கால் ஓடவில்லை, யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

எட்மண்டன்வாசி:
தம்பி, எலக்ட்ரிக் வாங்கும் முன் குளிரைப் பற்றி விசாரித்தீர்களா? நான் வந்த முதல் ஜனவரியில் மைனஸ் 30. இங்கே கனடாவில் பார்க்கிங் கம்பத்திலேயே ப்ளக் இருக்கும், பெட்ரோல் வண்டிக்கே இன்ஜினைச் சூடாக்க ராத்திரி மாட்டி வைக்க வேண்டும். எனக்கு அப்போது வண்டியும் இல்லை, அரிசி மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்று, வீட்டு வாசலுக்கு வந்தால் விரல் மரத்துப் போய் சாவியைத் திருப்ப முடியாது. பேட்டரி வண்டி குளிரில் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, நிறைய இழக்கும். கிளம்பும் முன், ப்ளக்கில் இருக்கும்போதே ஹீட்டரைப் போட்டுவிடுங்கள், அந்தச் சூட்டால் பேட்டரி அவ்வளவாகக் குறையாது.

டல்லாஸ் அண்ணன்:
சீட்டுக் காசை இன்றைக்கே கட்டிவிடு தம்பி. விசா ஸ்டாம்பிங்குக்குத் தூதரகம் போகும்போது கேள்வி வரும். நாங்கள் வந்த புதிதில் இந்த மாதிரி எதையும் எதிர்த்துக் கேட்க மாட்டோம். வாரம் 20 மணி நேரம் கேம்பஸ் வேலை, அந்தக் காசில் நாலு பேர் ஒரு ரூமில் இருந்தோம், கார் வாங்கும் நினைப்பே வரவில்லை.

மான்செஸ்டர் அக்கா:
வீட்டில் சார்ஜர் இல்லை என்று ஏன் பயப்படுகிறீர்கள்? சாதாரண மூன்று பின் ப்ளக்கே போதும், மணிக்கு 2.3 யூனிட் ஏறும். எட்டாவிட்டால் ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை ஜன்னல் வழியாக இழுத்துக்கொள்ளுங்கள்.

ஒயர்மேன்:
எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம். மணிக்கணக்காக ஒரே சுமை ஓடினால் மெல்லிய ஒயர் சூடாகி, ப்ளக் முனை உருகும். அக்கா சொன்னது 230 வோல்ட் நாட்டுக் கணக்கு. அமெரிக்கா என்றால் 120 வோல்ட், 12 ஆம்ப், மணிக்கு 1.4 யூனிட்தான். அதுசரி, எந்த நாடு, எந்த வண்டி, கேம்பஸில் நிறுத்தப் பார்க்கிங் பெர்மிட் இருந்ததா, தம்பி இன்னும் எதுவுமே சொல்லவில்லையே?

ஐந்தாம் வருட ஆய்வாளர்:
பெர்மிட் என்றாலே எனக்கு வயிறு எரிகிறது. வாங்கினாலும் இடம் நிச்சயமில்லை, நிறுத்த அனுமதி மட்டும்தான். சார்ஜர் பக்கம் போனால் முழுக்க ஏறி முடிந்த வண்டிகள் சாயங்காலம் வரை அப்படியே நிற்கின்றன.

டல்லாஸ் அண்ணன்:
உண்மைதான். அதில் பாதி நம்ம ஆட்கள். செய்தி அனுப்பினாலும் பதில் வராது.

ஐந்தாம் வருட ஆய்வாளர்:
அடுத்தவன் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பே இல்லை அண்ணா. வாடகை ஏறுது, பெர்மிட் ஏறுது, பல்கலை தரும் ஸ்டைபெண்ட் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

புதுமாணவன்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். கலிஃபோர்னியா, மாநில அரசுப் பல்கலை. வண்டி 2018 நிசான் லீஃப். சார்ஜ் காசிலேயே பார்க்கிங்கும் அடங்கும் என்று நினைத்துப் பெர்மிட் வாங்கவில்லை. ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன், கேம்பஸ் 13 கிலோமீட்டர்.

சாக்ரமெண்டோ அக்கா:
இப்போது பேசலாம் தம்பி. முதலில் விசா பயத்தை விடு. கலிஃபோர்னியாவில் பார்க்கிங் அபராதம் சிவில் விஷயம், கைதும் இல்லை, குற்றத் தீர்ப்பும் இல்லை. ஆனால் அப்படியே போட்டுவிடாதே, கட்டாத சீட்டு இருந்தால் டிஎம்வி என்ற மாநில வாகனத் துறையில் வண்டிப் பதிவைப் புதுப்பிக்க முடியாது.

உடனே கட்டவும் வேண்டாம். சீட்டு கொடுத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், அந்த முதல் கட்டத்துக்குக் காசு இல்லை. ஆப்பில் சார்ஜுக்குக் கட்டிய ரசீது, அந்த இடத்துப் பலகையின் போட்டோ, இரண்டையும் இன்றே எடுத்து வை. பெர்மிட்டும் வேண்டும் என்று பலகையில் தெளிவாக இல்லையென்றால் அதைத்தான் முதல் வரியில் எழுத வேண்டும். தெளிவாக எழுதியிருந்தால், புதிதாக வந்தவன், காசு கட்டியிருக்கிறேன், இதுதான் முதல் சீட்டு என்று மரியாதையாகக் கேட்டுப் பார். தள்ளுபடி ஆகாமலும் போகலாம். பெரும்பாலான கேம்பஸ்களில் சார்ஜ் காசு கரண்டுக்கு மட்டும்தான், நிறுத்தப் பெர்மிட் தனி. ஏறி முடிந்ததும் வண்டியை நகர்த்திவிடு, கேபிளைக் கழற்றிவிட்டு அங்கேயே நிற்காதே, சார்ஜருக்கு மாட்டாத வண்டி இழுத்துச் செல்லப்படும் என்று பலகை இருந்தால் சட்டப்படி இழுத்துப் போகலாம்.

அப்புறம் முக்கியமானது. உனக்குக் கேம்பஸ் சார்ஜரே தேவையில்லை. போக வர 26 கிலோமீட்டருக்கு லீஃப் ஏறக்குறைய 5 யூனிட் சாப்பிடும். ஒயர்மேன் சொன்ன சாதாரண ப்ளக்கில் அது நாலு மணி நேர வேலை. பின்கட்டுச் சுவரில் வெளி ப்ளக் இருக்கிறதா பார்.

புதுமாணவன்:
கராஜ் சுவரில் ஒன்று இருக்கிறது அக்கா, வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே. ஓனர் மறுத்தால்? வாடகைக்கு இருப்பவர் கேட்டால் சார்ஜர் வைக்க விட வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறதாமே?

சாக்ரமெண்டோ அக்கா:
இருக்கிறது. ஆனால் ஐந்துக்கும் குறைவான பார்க்கிங் உள்ள வாடகை இடத்துக்கு அது பொருந்தாது. அதனால் சட்டம் பேசாதே, கணக்கு பேசு. அவர் கரண்ட் பில்லில் யூனிட் விலையைப் பார்த்து, மாதா மாதம் இவ்வளவு தருகிறேன் என்று நீயே எழுதிக் கொடு. மாலை 4 முதல் 9 வரை விலை அதிகமான திட்டங்கள்தான் இங்கே நிறைய, லீஃபிலேயே டைமர் இருக்கிறது, நள்ளிரவுக்கு மேல் ஏறும்படி வைத்துவிடு.

ஒயர்மேன்:
அந்த ப்ளக்கில் வேறு எதையும் மாட்டாதே. முதல் ராத்திரி ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார், சுட்டால் உடனே நிறுத்து, ஓனரிடம் சொல்லி எலக்ட்ரீசியனை வைத்து மாற்றிய பிறகு போடு. வண்டியோடு வந்த சார்ஜ் கேபிள் உன்னிடம் இருக்கிறதா?

புதுமாணவன்:
டிக்கியில் பையோடு இருக்கிறது அண்ணா. நாளைக்கு பஸ்ஸில் போய்விடுகிறேன், இன்று சாயங்காலமே ஓனரிடம் பேசுகிறேன்.