கிராஸ்ஓவருக்கு என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம். சின்ன சப்வூஃபர் (மிகத் தாழ்ந்த ஒலிக்கான தனிப் பெட்டி) ஒன்றை புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களோடு சேர்த்துப் பாட்டுக் கேட்பது எப்படி என்று சொல்லும் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'கிராஸ்ஓவர்' வந்த இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். ஐந்து அங்குல ஸ்பீக்கர் 60 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும்போதே தளர்ந்துவிடும். அதனால் 80 ஹெர்ட்ஸை ஒட்டி ஓரிடத்தில் பொறுப்பை சப்வூஃபர் வாங்கிக்கொள்ளும். அந்தக் கைமாற்றத்துக்குத்தான் சொல் வேண்டும். பழைய வரைவில் 'குறுக்குவழி' என்று இருக்கிறது. படித்தால் திருட்டு வேலை மாதிரி தொனிக்கிறது.

—

தம்பி, 'வகிடு' என்று வையுங்கள். முடி இரண்டு பக்கமாகப் பிரியும் கோடு. வகு, வகிர், வகிடு எல்லாம் ஓரினம். 'வகிட்டு அலைவெண் 80' என்றால் கேட்கவும் நன்றாக இருக்கிறது.

அது கிடக்கட்டும். 'சப்வூஃபர்' என்று எழுதியிருக்கிறீர்களே. ஆய்தம் குறிலை அடுத்துத்தான் வரும், 'வூ' நெடில். பகர மெய் தன்னோடு மட்டுமே மயங்கும், அதாவது அதை அடுத்து வேறு மெய் வராது; 'ப்வ' எப்படி வந்தது? ஒரே சொல்லில் இரண்டு குற்றம்.

—

> 'வகிடு' என்று வையுங்கள்

ஐயா, சொல் அழகு, பொருள்தான் ஒட்டவில்லை. வகுப்பில் ஒலியியல் நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன்: ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் வடிகட்டி கத்தி மாதிரி வெட்டாது. ஒரு ஸ்தாயி (அலைவெண் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் தூரம்) தள்ளிப் போனால் 12 டெசிபல், சிலவற்றில் 24 என்று சரிந்து இறங்கும். 80-ஐச் சுற்றி இரண்டுமே ஒலித்துக்கொண்டிருக்கும். வம்பெல்லாம் அங்கேதான். 'சந்தி' பொருந்துமா?

—

சந்தி வடசொல். தமிழில் அதற்குப் பெயர் புணர்ச்சி. யோசித்துப் பார்த்தால் இலக்கணம் அப்படியே பொருந்துகிறது! எங்கே ஸ்பீக்கர் முடிந்தது, எங்கே சப்வூஃபர் தொடங்கியது என்று தெரியாவிட்டால் இயல்பு புணர்ச்சி. இரண்டும் அளவுக்கு மீறி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பாட்டில் இல்லாத குமுறல் எழுந்தால் தோன்றல். பெட்டியை மூலையில் தள்ளி வைத்ததால் குரலே மாறினால் திரிதல். கட்டம் 180 பாகை மாறி, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கி, ஒன்றை ஒன்று விழுங்கி அந்த இடம் பள்ளமானால் கெடுதல். பெட்டியின் பின்னால் 0, 180 என்று ஒரு சுவிட்ச் இருக்குமே, அது கெடுதலைத் தீர்க்கத்தான்.

—

விளக்கம் பிரமாதம், ஐயா. ஆனால் 'புணர்ச்சி எண்ணை 80-இல் வைக்கவும்' என்று அச்சிட்டால் வாங்குகிறவர் கையேட்டை வீட்டில் பிள்ளைகள் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பார். மெய்ப்புப் பார்ப்பவள் நான், என்னால் முடியாது.

—

கிராஸ்ஓவர் இருக்கட்டும், சப்வூஃபருக்கு என்ன? தாழ்ந்த ஒலி தரும் 'வூஃபர்' நாயின் குரல், உச்ச ஒலி தரும் 'ட்வீட்டர்' குருவியின் குரல். அப்படியானால் உறுமி, கீச்சி. சப்வூஃபர் 'கீழுறுமி'.

—

> கீழுறுமி

உறுமி என்று ஒரு தோல் கருவி ஏற்கெனவே இருக்கிறது. தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்று மூன்று நிலை உண்டல்லவா? கீழ்நிலை மெலிவு. 'மெலிவொலிப்பான்' சரியாக வரும்.

—

சுவரையே அதிரவைக்கும் பெட்டிக்கு மெலிவொலிப்பானா? நோஞ்சான் ஸ்பீக்கர் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

—

எல்லோருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. 'பிரிப்பு அலைவெண்' என்று போட்டுவிட்டேன்; நான்கு பேர் தனிமடலில் சரி என்றார்கள், அதில் இருவர் 'ஏதாவது போடுங்கள்' என்றார்கள். சப்வூஃபர் சப்வூஃபராகவே இருக்கிறது. புணர்ச்சி விளக்கத்தை, அந்தச் சொல் இல்லாமல், கட்ட சுவிட்ச் பற்றிய பத்தியில் சேர்த்திருக்கிறேன்.

—

சேர்ப்பதற்குத்தானே இவ்வளவு பாடு, அதற்குப் பெயர் பிரிப்பா? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள், தம்பி. அந்த ஆய்தமும் அங்கேயே நிற்கிறது.