இன்ஹிபிட்டர்: ஒடுக்கியா, தடுப்பானா, தடுப்பியா?

> நொதியின் செயலைத் தடுக்கும் பொருளுக்கு 'ஒடுக்கி' என்று வைக்கலாமே, சுருக்கமாக இருக்கிறது.

வேண்டாம் ஐயா. வேதியியலில் ஒடுக்கம் என்றாலே எலக்ட்ரான் ஏற்பு என்று பள்ளிப் பாடத்திலேயே நிலைத்துவிட்டது. சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் நொதியைப் பாருங்கள். சக்சினேட்டிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பறித்து அதை ஃபியூமரேட் ஆக்குகிறது. வினையே ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினை. அங்கே நொதியைத் தடுக்கும் மலோனேட்டை 'ஒடுக்கி' என்றால், எலக்ட்ரான் தருவது மலோனேட் என்றுதான் மாணவர் எழுதுவார். அதுவோ எதையும் தருவதில்லை. சக்சினேட்டைப் போல இரு முனையிலும் கார்பாக்சிலேட் இருப்பதால் வினைமையத்தில் பொருந்திவிடும். நடுவே ஒரே கார்பன் என்பதால் இரட்டைப் பிணைப்பு உண்டாக வழியில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

'தடுப்பான்' புழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் "மலோனேட் நொதியைத் தடுப்பான்" என்று எழுதிப் பாருங்கள், வினைமுற்றாகிவிடுகிறது! வினையூக்கி போல 'தடுப்பி' என்பதே என் பரிந்துரை.

வகைப்பெயர்களில்தான் சிக்கல் அதிகம். போட்டித் தடுப்பில் (மலோனேட்டைப் போல வினைமையத்துக்குப் போட்டியிடுவது) குழப்பமில்லை: தளப்பொருளின் (நொதி மாற்றும் பொருளின்) செறிவைக் கூட்டினால் தடை விலகும், உச்ச வேகம் மாறாது, தடுப்பியின் செறிவு அதன் பிரிகை மாறிலிக்குச் சமமானால் தோற்ற கேஎம் (உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான தளப்பொருள் செறிவு) இரட்டிக்கும். 'நான்-காம்பெடிட்டிவ்', 'அன்காம்பெடிட்டிவ்' இரண்டையும் 'போட்டியற்ற' என்றே மொழிபெயர்ப்பதுதான் வம்பு. முதலாவது தனி நொதியிலும் ஒட்டும், தளப்பொருள் ஏறிய நொதியிலும் ஒட்டும். உச்ச வேகம் மட்டும் குறையும். இரண்டாவது, தளப்பொருள் ஏறிய பிறகே ஒட்டும். உச்ச வேகமும் கேஎம்மும் ஒரே விகிதத்தில் இறங்கும், தலைகீழ் வரைபடத்தில் (வேகம், செறிவு இரண்டின் தலைகீழ் மதிப்புகளை வரைவது) இணைகோடுகள் வரும். முன்னதைப் 'போட்டியிலாத் தடுப்பு' எனவும் பின்னதைப் 'பின்பிணைப்புத் தடுப்பு' எனவும் பிரிக்கலாம்.

---

தடுப்பிக்கு உடன்படுகிறேன். ஆனால் ஆஸ்பிரினுக்கு அது போதாது. சைக்ளோஆக்சிஜனேஸ் எனும் நொதியின் ஒரு செரீன் அமினோ அமிலத்தில் அசிட்டைல் தொகுதியைச் சகப்பிணைப்பால் ஒட்டிவிடுகிறது; அந்த நொதி பிறகு மீளாது. இரத்தத் தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்துகொள்ளாது. ஆகவே விளைவு அந்தத் தட்டணுவின் ஆயுள் முழுக்க, 7 முதல் 10 நாள் வரை, நிற்கும். இத்தகையவற்றை 'முடக்கி' எனலாம்.

இரண்டையும் ஆய்வகத்திலேயே பிரித்தறியலாம். வழக்கமான அளவைப் போல 100 மடங்கு நொதியை, செயல்பாட்டைப் பாதியாக்கும் செறிவைப் போல 10 மடங்கு பொருளோடு ஊறவைத்து, தளப்பொருள் கரைசலில் 100 மடங்கு நீர்க்கச் செய்யுங்கள். தடுப்பியானால் செயல்பாடு ஏறக்குறைய 91 சதவீதத்துக்குத் திரும்பும்; முடக்கியானால் 9 சதவீதத்திலேயே நிற்கும். ஒன்று கவனம்: மெல்லக் கழலும் தடுப்பியும் தொடக்கத்தில் முடக்கி போலவே ஏமாற்றும். விளைபொருள் நேரத்துக்கேற்ப ஏறும் வளைகோடு மேல்நோக்கி வளைகிறதா என்று போதிய நேரம் பார்க்க வேண்டும்.

இரு சொல்லும் இருந்தால் இப்படி ஒரு வாக்கியம் எழுத முடிகிறது: "ஐபுப்ரூஃபென் எனும் தடுப்பி முன்பே வழியில் அமர்ந்துவிட்டால், ஆஸ்பிரின் எனும் முடக்கியால் செரீனை எட்ட முடியாது." 'மீளாத் தடுப்பி' என்பதை முடக்கிக்கு விளக்கமாக மட்டும் தரலாம், தனித் தலைச்சொல் வேண்டியதில்லை.