பருந்து ஏறுது, என் கிளைடர் இறங்குது: எங்கே தப்பு பண்றேன்?

பால்சாப்பித்தன்:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில நாகமலைப் பக்கம் வறண்டு கிடக்குற ஒரு கண்மாய்க்குள்ள கிளைடர் (ரிமோட்ல ஓட்டுற சின்ன மாதிரி விமானம்) விடுறேன். 2 மீட்டர் இறக்கை, 780 கிராம், மோட்டார் கிடையாது. இடம் வலம் திருப்புற ரடரும், மூக்கை மேல கீழ ஆக்குற எலிவேட்டரும் மட்டும்தான். ரப்பர் கயித்துல இழுத்து விட்டா 80 மீட்டர் உயரம் போகும். காலையில காத்து அசையாதப்ப ரெண்டே கால் நிமிஷம் தாங்கும்.

11 மணிக்கு மேல கரும்பருந்துங்க வட்டம் போட ஆரம்பிக்குது. இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காம மேல மேல போகுது. நானும் நேரா அதுக்கு அடியில கொண்டுபோய் வட்டம் போட்டா, ஒன்றரை நிமிஷத்துல தரைக்கு வந்துருது! நேத்து நாலு தடவையும் இதே கதை. எடையைக் குறைக்கணுமா? வேற இறக்கை செய்யணுமா?

ஓட்டுப்பலகை:
உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாதுன்னு சும்மாவா சொன்னாங்க ப்ரோ 😄

கண்மாய்க்காத்து:
கிண்டல் அப்புறம். தம்பி, மூணு கேள்வி. காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சது? பருந்து கண்ணுக்கு உங்க கிளைடர்ல எத்தனை பங்கு அகலமாத் தெரிஞ்சது? ரிமோட்டைத் தொடாம விட்டா கிளைடர் நேராப் போகுதா?

பால்சாப்பித்தன்:
கிழக்கிலேர்ந்து லேசான காத்துண்ணே, விநாடிக்கு 2 மீட்டர் இருக்கலாம். பருந்து கால் பங்கு தெரிஞ்சது. ரெண்டுமே கிட்டத்தட்ட என் தலைக்கு மேலதான். தொடாம விட்டா நேராப் போகும்.

கண்மாய்க்காத்து:
அப்ப இறக்கையில கை வைக்காதீங்க. கரும்பருந்துக்கு இறக்கை விரிப்பு சுமார் ஒன்றரை மீட்டர். உங்க கிளைடர் இருக்குற தூரத்துலயே அது இருந்திருந்தா முக்கால் பங்கு தெரியணும். கால் பங்குதான் தெரியுதுன்னா மூணு மடங்கு தூரம். உங்களுது 80 மீட்டர்ல, அது 240 மீட்டர்ல. கீழே நின்னு அண்ணாந்து பாக்குறப்ப ரெண்டும் பக்கத்துல இருக்குற மாதிரிதான் தோணும், ஆனா நடுவுல 160 மீட்டர் இருக்கு.

பருந்து இறக்கை அடிக்காம மேல போறது, தரை சூடாகி மேல எழும்புற காத்துல. அதைத்தான் ஏற்றம்னு சொல்றோம். காத்தடிக்கிறப்ப அந்தச் சூடான காத்து செங்குத்தா ஏறாது. அடுப்புப் புகை காத்தடிக்கிற பக்கம் சாயுற மாதிரி சாஞ்சுதான் ஏறும். ஏற்றமும் விநாடிக்கு 2 மீட்டர், காத்தும் 2 மீட்டர்னு வச்சுக்கோங்க: 160 மீட்டர் மேல போறதுக்குள்ள 160 மீட்டர் மேற்கே தள்ளிருக்கும். அதனால உங்க உயரத்துல அந்த ஏற்றம் பருந்துக்கு நேர் கீழே கிடையாது, கிழக்கே, காத்து வர்ற பக்கம் தேடணும். சில சமயம் அது தரையை விட்டே குமிழி மாதிரி கழண்டு போயிருக்கும். அப்ப பருந்துக்கு ஏற்றம் இருக்கும், கீழே உங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. உங்களைவிட கொஞ்சம் மேலயோ சம உயரத்துலயோ சுத்துற பருந்தை மட்டும் நம்புங்க.

இன்னொண்ணு, ஒன்றரை நிமிஷத்துல இறங்குனது நல்ல சேதி. ஏறுற காத்தைச் சுத்தி இறங்குற காத்து இருக்கும். நீங்க அந்த இறக்கத்துலதான் மாட்டிருக்கீங்க, அதாவது ஏற்றம் பக்கத்துலயே இருந்திருக்கு.

வாலாட்டி:
அண்ணன் சொன்னது சரிதான். ஆனா வட்டத்தோட அளவையும் பாக்கணும். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்துல 15 டிகிரி சாய்ச்சா வட்டத்தோட ஆரம் 24 மீட்டர் வரும், 30 டிகிரி சாய்ச்சா 11 மீட்டர்தான். தரைக்குப் பக்கத்துல ஏற்றம் ஒல்லியாத்தான் இருக்கும். புதுசா விடுறவங்க எல்லாரும் பயந்துகிட்டு லேசாச் சாய்ப்பாங்க, பாதி வட்டம் வெளியே போயிரும்.

மூக்குல எடைக்கு வச்ச ஈயம் அதிகமான்னும் பாருங்க. உயரத்துல கொஞ்சம் மூக்கைக் கீழே தள்ளி, கையை எடுத்துருங்க. சடார்னு தானா நிமிர்ந்தா மூக்கு கனம். ரெண்டு ரெண்டு கிராமா எடுங்க, ஒரேயடியா வேண்டாம். மூக்கு கனமா இருந்தா ஏற்றம் தட்டுறதே உங்களுக்குத் தெரியாது.

கண்மாய்க்காத்து:
பழைய கேசட் நாடாவை ஒரு முழம் அறுத்து, மூங்கில் குச்சி நுனியில கட்டி நட்டு வைங்க. ஏற்றம் பக்கத்துல கிளம்புனா கீழே இருக்குற காத்து அதை நோக்கி ஓடும், நாடா கை காட்டிரும். தாழ்வா தட்டான் கூட்டமும் தகைவிலானும் சுத்துதான்னும் பாருங்க. பூச்சி மேல போற இடத்துலதான் அதுங்களுக்குச் சாப்பாடு. குப்பைமேட்டுக்கு மேல சுத்துற பருந்தை நம்பாதீங்க, அது கறித்துண்டு தேடுது.

பால்சாப்பித்தன்:
ஞாயித்துக்கிழமை போனேன். மூக்குலேர்ந்து 6 கிராம் எடுத்தாச்சு. 11:40க்கு மேற்கே பாத்துக் கிடந்த நாடா தொங்கிப்போய், மெல்ல வடக்கே திரும்புச்சு. அந்தப் பக்கம் உழுதுபோட்ட புஞ்சை ஒண்ணு இருக்கு. அங்க விட்டேன். இடது இறக்கை யாரோ விரலால தட்டிவிட்ட மாதிரி தூக்குச்சு. அந்தப் பக்கமே திருப்பி, பயத்தை விட்டுட்டு நல்லாச் சாய்ச்சேன். ஏறுச்சுண்ணே!

ரெண்டு நிமிஷத்துல ஒரு கரும்பருந்து எங்கிருந்தோ வந்து, அதே பக்கமா என்கூடவே வட்டம் போட்டுச்சு. இறக்கையை ஆட்டவே இல்ல, வாலை மட்டும் இப்படியும் அப்படியும் திருகிக்கிட்டே இருந்துச்சு. கிளைடர்ல முக்கால் பங்கு, அளவெடுத்த மாதிரி!

மொத்தம் 9 நிமிஷம். ஆனா கடைசியில புள்ளியாயிருச்சு, எந்தப் பக்கம் திரும்புதுன்னே தெரியல. கை நடுங்கிருச்சு. இதை எப்படிக் கீழே கொண்டு வர்றது?

வாலாட்டி:
மூக்கைக் கீழே குத்தாதீங்க, வேகம் ஏறி பால்சா (லேசான மரம்) இறக்கை உடைஞ்சிரும். புள்ளியாகுறதுக்கு முன்னாடியே வட்டத்தை விட்டு நேரா வெளியே ஓட்டுங்க. நீங்க இவ்வளவு நாளா மாட்டுன அந்த இறக்கம் அங்கதான் இருக்கு.